கடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர்: சோழமண்டலக் கரையைக் காக்க எந்தத் தலைமை முறை ஏற்றது?

கல்லூரி விவாதப் போட்டிக்குத் தயாராகும் இரண்டு மாணவர்கள் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கடல் தாண்டி வந்த ஒரு கும்பெனியின் இயக்குநர் நீங்கள். சென்னை, கூடலூர், புதுச்சேரி மாதிரி ஓர் ஊரைக் காக்க வேண்டும். கப்பற்படையையும் தரைப்படையையும் ஒருவரிடமே கொடுப்பீர்களா, இருவருக்குப் பிரித்துக் கொடுப்பீர்களா? ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்றார் ஒருவர். கப்பல் ஓட்டுகிறவருக்குக் கோட்டைச் சுவரைப் பற்றி என்ன தெரியும் என்றார் மற்றவர். இரண்டு பேரும் நிறையப் படித்திருந்தார்கள். ஆனாலும் எந்தப் பக்கம் பேசுவது என்று முடிவெடுக்க முடியாமல் நின்றார்கள்.

நான் கூடலூர்ப் பக்கத்துக்காரன். தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஓரமாக இடிந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அதனால் அவர்களிடம் முதலில் சொன்னது இதுதான்: வழிகள் இரண்டு இல்லை, நான்கு. 1746 முதல் 1783 வரை இந்தக் கரையில் நான்கையுமே ரத்தம் சிந்திச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முறைகளுக்குள் போகும்முன் கரையைப் பார்க்க வேண்டும். சென்னையிலோ புதுச்சேரியிலோ கூடலூரிலோ அன்று பெரிய கப்பல்கள் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் அரிசியும் வெடிமருந்தும் கயிற்றால் தைத்த சலங்குகளில் ஏறித்தான் அலையைத் தாண்டும். அந்தச் சலங்குகளைத் தள்ளியவர்கள் நம் ஊர்ப் படகுக்காரர்கள். ஐப்பசி பிறக்கும் சமயத்தில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் பெரிய கப்பல் எதுவும் இங்கே நிற்பது ஆபத்து. ஆங்கிலேயர் பெரும்பாலும் பம்பாய்க்கும், பிரெஞ்சுக்காரர் மொரீஷியஸுக்கும் போய்விடுவார்கள். அருகில் இருந்த நல்ல துறைமுகம் திருகோணமலைதான். அது நெடுங்காலம் டச்சுக்காரர் கையில் இருந்தது. ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதினால் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இதையெல்லாம் வைத்து ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

1. கப்பல்கள் எப்போது போகும், எப்போது வரும் என்று யார் சொல்வது?
2. பிடித்த ஊரை வைத்துக்கொள்வதா, விற்பதா, இடிப்பதா? இதில் யார் வாக்கு செல்லும்?
3. முடிவெடுப்பவருக்கு அந்தத் தொழில் தெரியுமா?
4. கொள்ளைப் பங்கும் படைச் சம்பளமும் யார் கையில்?
5. சுவருக்கு வெளியே இருக்கும் ஊர் மக்கள் யார் கணக்கில் வருகிறார்கள்?

முதல் கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். இந்தக் கரையில் முற்றுகைகளை முடித்துவைத்தது பல தடவை பீரங்கி இல்லை, கடலில் தெரிந்த பாய்களும் காணாமல் போன பாய்களும்தான்.

| முறை | யார் மேலே | எங்கே பார்க்கலாம் |
|---|---|---|
| 1. பிரிந்த தலைமை | உள்ளூரில் யாருமில்லை | 1746 சென்னை, 1758–59 பிரெஞ்சுத் தளபதி லாலி |
| 2. ஒற்றைத் தலைமை | கடற்படைத் தளபதி | 1748 புதுச்சேரி |
| 3. கவர்னர் தலைமை | ஊரின் கவர்னர் | 1758–59 சென்னை, 1781–83 சென்னை |
| 4. பேசி இணங்கும் தலைமை | இருவரும் சமம் | 1757 கல்கத்தா, 1760–61 புதுச்சேரி |

## முறை 1: இரண்டு தலைமை, மேலே யாருமில்லை

1746-ல் மொரீஷியஸ் கவர்னர் லா பூர்தொனே வணிகக் கப்பல்களில் பீரங்கி ஏற்றி ஒரு படையை உருவாக்கிக்கொண்டு வந்தார். நாகப்பட்டினம் அருகே ஆங்கிலக் கப்பல்களோடு மோதினார். செப்டம்பரில் சென்னை அவரிடம் பணிந்தது. அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. குழப்பம் வெற்றிக்குப் பிறகு வந்தது.

11 லட்சம் வராகன் (அன்றைய தங்க நாணயம்) வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுப்பதாக லா பூர்தொனே வாக்குக் கொடுத்துவிட்டார். எதிரியின் ஊரைப் பிடித்தால் அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பாரிசிலிருந்து தனக்கு உத்தரவு இருப்பதாகச் சொன்னார். புதுச்சேரி கவர்னர் டூப்ளேயோ, இந்தியக் கரையில் பிடித்த நிலம் எதுவானாலும் தன் அதிகாரத்தில்தான் வரும் என்றார். அதோடு, சென்னையைத் தருவதாக ஆற்காடு நவாபுக்கு அவரும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஊரை இரண்டு பேர் இரண்டு இடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். புதுச்சேரியிலிருந்து பொறுப்பேற்க வந்த அதிகாரிகளை லா பூர்தொனே கைது செய்தார்.

இந்த வாக்குவாதத்தில் வாரங்கள் ஓடின. லா பூர்தொனேயின் கப்பல்கள் சென்னைக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தன. அக்டோபர் நடுவில் புயல் அடித்தது. கப்பல்கள் மூழ்கின, மிஞ்சியவை பாய்மரம் ஒடிந்து நின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். லா பூர்தொனே கிளம்பிப் போனார். ஒப்பந்தத்தை டூப்ளே ரத்து செய்தார். ஆனால் கப்பல் இல்லாத டூப்ளேயால் அதற்குப் பிறகு தேவனாம்பட்டினத்தைப் பிடிக்க முடியவில்லை. 1747 மார்ச்சில் கிரிஃபினின் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் அந்த வாய்ப்பும் போயிற்று. லா பூர்தொனே பிரான்சில் பாஸ்தீல் சிறைக்குப் போனார். பின்னால் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது, ஆனாலும் சில வருஷங்களில் இறந்துபோனார்.

இதிலிருந்து பாரிஸ் பாடம் படித்ததா? இல்லை. 1758-ல் லாலியைத் தரைக்கும் தாஷேயைக் கடலுக்கும் தலைவராக அனுப்பினார்கள். லாலி வந்த வேகத்தில் கூடலூரையும் ஜூன் 2-ல் புனித டேவிட் கோட்டையையும் பிடித்தார். அடுத்தது சென்னை, உடனே கப்பலோடு வாருங்கள் என்றார். தாஷே மறுத்தார். ஆகஸ்டில் ஆங்கிலத் தளபதி போகாக்கோடு நாகப்பட்டினம் அருகே மோதிய பிறகு, செப்டம்பர் தொடக்கத்தில் மொரீஷியஸுக்கே போய்விட்டார். லாலி கப்பல் இல்லாமல் டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரி 16 மாலை கடலில் ஆங்கிலக் கப்பல்கள் தெரிந்தன. மறுநாளே முற்றுகையைக் கைவிட்டுப் புறப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் தாஷே திரும்பி வந்தார். புதுச்சேரியில் எல்லோரும் கெஞ்சியும் சில வாரம்கூடத் தங்கவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

இங்கே தாஷேக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். கப்பல் பழுதானால் அவருக்கு இந்தக் கரையில் செப்பனிட இடம் கிடையாது. கப்பலை இழந்தால் பிரான்சுக்கு இந்தியக் கடலே போய்விடும். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவர் கணக்கு சரிதான். அதுதான் இந்த முறையின் பெரிய ஆபத்து. இரண்டு பேருமே தத்தம் கணக்கில் சரியாக நடந்துகொண்டால்கூட ஊர் போய்விடும்.

இந்த முறை எப்போது சரிப்படும்? இரண்டு படைக்கும் ஒரே இடத்தில் வேலை இல்லாதபோது. கப்பல்கள் வணிகக் கப்பல்களுக்குத் துணை போக, தரைப்படை கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் அமைதிக் காலத்தில் இது போதும். முற்றுகைக்கு இதைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

## முறை 2: கடலும் தரையும் ஒருவர் கையில்

1748-ல் ஆங்கிலேயர் இதை முயன்றார்கள். அட்மிரல் பாஸ்கவனிடம் கடற்படை, தரைப்படை இரண்டுக்கும் தலைமை கொடுத்து அனுப்பினார்கள். இந்தியக் கடலில் அதுவரை எந்த ஐரோப்பிய நாடும் திரட்டியிராத படை அவரிடம் இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாரோடும் சண்டை போட வேண்டாம். 'ஒரே உறையில் ஒரே கத்தி' என்ற மாணவர் கேட்டது அப்படியே நடந்தது.

ஆனால் புதுச்சேரி விழவில்லை. ஆகஸ்டில் கிளம்பிய படை ஊருக்கு முன்னால் இருந்த அரியாங்குப்பம் என்ற சின்னக் கோட்டையில் மாட்டிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் வீணடித்தது. விட்டுவிட்டுச் சுற்றிப் போயிருக்கலாம். தரையில் பழகிய தளபதி அப்படித்தான் செய்திருப்பார். அப்புறம் பதுங்குகுழி வெட்டினார்கள். அதைச் சுவரிலிருந்து 1500 கெஜம் தள்ளித் தொடங்கினார்கள். அங்கிருந்து அடிக்கும் குண்டு சுவரை என்ன செய்யும்? பொறியாளர்கள் திறமையில்லாதவர்கள். அவர்களைத் திருத்தும் அளவுக்கு அட்மிரலுக்கு முற்றுகைத் தொழில் தெரியாது. மழை பிடித்தது, நோய் பரவியது. அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டபோது அவர் பக்கம் 1065 ஐரோப்பியர் போயிருந்தார்கள். பிரெஞ்சுப் பக்கம் ஏறக்குறைய 250 பேர்தான்.

முதல் கேள்வியில், அதாவது கப்பல் விஷயத்தில், இந்த முறைக்கு முழு மதிப்பெண். இரண்டாவது கேள்வியிலும் குழப்பமில்லை. மூன்றாவதில்தான் விழுகிறது. தலைவர் ஒருவராக இருப்பது மட்டும் போதாது. அவருக்குத் தெரியாத பாதியைத் தெரிந்த ஆட்கள் அவர் கீழே இருக்க வேண்டும், அவர்கள் சொன்னால் அவர் கேட்க வேண்டும். இந்தியா 2001-ல் போர்ட் பிளேயரில் முப்படைக்கும் சேர்த்து அந்தமான் நிகோபார் தலைமையகத்தை அமைத்தது. அங்கே முப்படையிலிருந்தும் வந்த அதிகாரிகள் ஒரே தலைமையின் கீழ் வேலை செய்கிறார்கள். பாஸ்கவனிடம் பட்டம் இருந்தது, அப்படி ஒரு குழு இல்லை. இன்றைய உதாரணத்தைக் காட்டி 1748-ஐ நியாயப்படுத்த முடியாது என்று அந்த மாணவரிடம் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்த முறை தூரத்து ஊரைத் திடீரென்று தாக்கி, சில நாளில் முடிக்க வேண்டிய வேலைக்கு நல்லது. மாதக்கணக்கில் மண் வெட்டும் வேலைக்கு, தரைத் தொழில் தெரிந்த இரண்டாம் ஆள் இல்லாமல் இதைத் தொடக் கூடாது.

## முறை 3: ஊரின் கவர்னர் மேலே

இதில் ஒரே ஊர், சென்னை. இருபத்துச் சொச்ச வருஷ இடைவெளியில் இரண்டு எதிரெதிரான முடிவுகள்.

1758 டிசம்பரில் லாலி நெருங்கியதும் சென்னை கவுன்சில் ஒரு நல்ல காரியம் செய்தது. கோட்டைக் காவலைக் கவர்னர் ஜார்ஜ் பிகட் ஒருவரிடமே ஒப்படைத்தது. எல்லாவற்றிலும் கர்னல் ஸ்டிரிங்கர் லாரன்ஸைக் கலந்துகொள்ளச் சொன்னது. கவுன்சில் கூடிக் கூடிப் பேசுவது அதோடு நின்றது. பிகட் வணிகர். ஆனால் பணமும் அரிசியும் கூலியாளும் அவர் பிடியில் இருந்தார்கள். சண்டையை லாரன்ஸ் பார்த்துக்கொண்டார். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார்கள், கப்பல் வந்தது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு இது நல்ல முடிவு. வெளியே கறுப்பர் பட்டணத்தை லாலியின் படை முதல் நாளே சூறையாடியது. அங்கே இருந்த நெசவாளரையும் வணிகரையும் காக்க எந்தத் திட்டத்திலும் இடமில்லை. ஐந்தாவது கேள்வியை நான் பட்டியலில் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1781-ல் கவர்னராக வந்த மெக்கார்ட்னிக்கு அதே நாற்காலி, ஆனால் அதிகாரம் சல்லடையாக இருந்தது. தளபதி அயர் கூட் வங்காளத்திலிருந்து தனி அதிகாரத்தோடு வந்தவர், கவர்னருக்குக் கட்டுப்பட மாட்டார். அட்மிரல் ஹ்யூஸ் இங்கிலாந்து ராஜாவின் கடற்படை. கும்பெனி கவர்னர் அவரைக் கேட்டுக்கொள்ளலாமே தவிர உத்தரவிட முடியாது. அயர் கூட்டுக்குப் பின் வந்த ஜெனரல் ஸ்டூவர்ட் கவர்னரோடு ஓயாமல் மல்லுக்கட்டினார். 1783 ஜூனில் கூடலூரை முற்றுகையிட்டார் ஸ்டூவர்ட். அவர் படைக்குச் சோறு கடல் வழியாகத்தான் வர வேண்டும். எதிர்ப்பக்கம் பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸி, கோட்டையிலிருந்து 1200 பேரை எடுத்து பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரானின் கப்பல்களுக்குக் கொடுத்தார். 15 கப்பலோடு சஃப்ரான் ஹ்யூஸின் 18 கப்பலை எதிர்த்து நின்றார். ஜூன் 20 சண்டைக்குப் பிறகு, தண்ணீர் தீர்ந்து மாலுமிகள் ஸ்கர்வி நோயில் கிடந்த ஹ்யூஸ் சென்னைக்குத் திரும்பினார். சஃப்ரான் வாங்கிய ஆட்களோடு தன் மாலுமிகளையும் சேர்த்துக் கரையில் இறக்கினார். நிலைமை தலைகீழானது. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்ததால் ஸ்டூவர்ட் தப்பினார். பிறகு மெக்கார்ட்னி அவரைப் பதவி நீக்கிக் கைது செய்து கப்பலேற்றினார். 1786-ல் லண்டனில் இருவரும் துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றார்கள், மெக்கார்ட்னிக்குக் காயம்.

ஆகவே கவர்னர் தலைமையைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்தத் தலைமை கடற்படைக்கும் தரைப்படைக்கும் உண்மையில் எட்டுகிறதா என்பதைத்தான். 1758-ல் கப்பல்கள் தூரத்தில் இருந்தன, பிகட் கோட்டைக்குள் மட்டும் ஆண்டால் போதும். மெக்கார்ட்னி கடலையும் சேர்த்து ஆள வேண்டியிருந்தது. அதற்கு அவரிடம் காகிதம் இல்லை.

## முறை 4: சமமான இருவர், பேசி இணங்கிக்கொள்வது

இது ஆட்களின் குணத்தைப் பொறுத்தது. அதனாலேயே பலர் இதை ஒரு முறையாகவே மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன், ஏனென்றால் பெரிய வெற்றிகள் இதில்தான் வந்தன.

கசப்போடுதான் தொடங்கும். 1756-ல் கல்கத்தாவை மீட்கச் சென்னையிலிருந்து படை கிளம்பியபோது, ராஜாவின் படைக் கர்னல் அட்லர்கிரான் கும்பெனியின் நிபந்தனைக்கு இணங்கவில்லை. கப்பலில் ஏற்றிய அவருடைய பீரங்கிகளை இறக்க வேண்டியதாயிற்று. அவருடைய சிப்பாய்களில் ஒரு பகுதியைக் கப்பல் வீரர்கள் என்ற கணக்கில் அட்மிரல் வாட்சன் ஏற்றிக்கொண்டார். 1757 ஜனவரியில் கல்கத்தா கோட்டை கைக்கு வந்ததும், அதன் பொறுப்பை வாட்சன் அயர் கூட்டிடம் கொடுத்தார். அப்போது கூட் வெறும் கேப்டன். தரைப்படைக்குத் தலைவராக வந்த கிளைவ், நான்தான் மூத்தவன் என்று உள்ளே உட்கார்ந்துகொண்டார். வெளியேறாவிட்டால் சுடுவேன் என்றார் அட்மிரல். கடைசியில் வாட்சன் இறங்கி வந்து சாவியை வாங்கி ஊர் நிர்வாகத்திடம் கொடுத்தார். அதே வாட்சன் அடுத்த மாதம் கிளைவின் பீரங்கிகளை இழுக்க நூற்றுக்கணக்கில் மாலுமிகளைக் கரைக்கு அனுப்பினார். சண்டை போட்டார்கள், ஆனால் வேலையை நிறுத்தவில்லை.

1760–61 புதுச்சேரி முற்றுகை இன்னும் நல்ல உதாரணம். கரையில் கூட், கடலில் ஸ்டீவன்ஸ். 1761 ஜனவரி 1 இரவில் பெரும்புயல். ஆங்கிலக் கப்பல்கள் பல மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1746-ல் புயலோடு கடற்படை கிளம்பிப் போனது. இங்கே ஒரு வாரத்துக்குள் மிஞ்சிய கப்பல்கள் வந்து கடலை அடைத்துவிட்டன. ஜனவரி 16-ல் புதுச்சேரி பணிந்தது. 1781-ல் நாகப்பட்டினத்தை டச்சுக்காரரிடமிருந்து எடுத்ததும் இப்படித்தான். மன்றோவின் படையோடு ஹ்யூஸின் மாலுமிகள் கரையிறங்கி வேலை செய்தார்கள்.

மறைந்த செலவு பிறகு வரும். புதுச்சேரி விழுந்ததும் அது ராஜாவுக்கா கும்பெனிக்கா என்று கேள்வி எழுந்தது. பிகட், கும்பெனிக்கு என்று எழுதித் தராவிட்டால் படைக்குப் பணம் தரமாட்டேன் என்றார். கூட் இறங்கிவந்தார். கொள்ளைப் பங்கைக் கப்பல் ஏறும்முன் எழுதி வைக்காத எந்தப் படையும் வெற்றிக்குப் பிறகு சிக்கலில் மாட்டியது. இன்னொரு குறை: ஒருவர் இறந்தாலோ மாற்றப்பட்டாலோ அந்த இணக்கமும் போய்விடும். புதியவரோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

## சரி, எதைத் தேர்ந்தெடுப்பது

ஊர் முற்றுகைக்குள் இருந்தால் முறை 3, அதுவும் பிகட் பாணியில்: கவுன்சில் ஒதுங்க வேண்டும், ஒரே கவர்னர், பக்கத்தில் ஒரு லாரன்ஸ். எதிரி ஊரை நாம் முற்றுகையிட்டால் முறை 4. ஆனால் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: கப்பல் கிளம்பும் கடைசி நாள், பிடித்த ஊரின் கதி, பங்குக் கணக்கு. 1746-ல் இந்த மூன்றில் இரண்டாவது மட்டும் தெளிவாக இருந்திருந்தாலே லா பூர்தொனேயின் கப்பல்கள் புயலுக்கு முன்பே போயிருக்கும். முறை 2-ஐ அவசரத் தாக்குதலுக்கு வைத்துக்கொள்ளலாம். முறை 1-ஐ நான் தொடமாட்டேன்.

மாணவர்களிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். எந்தப் பக்கம் பேசினாலும் 1782 அக்டோபர் 15 பற்றி எதிரணி கேட்கும், தயாராக இருங்கள் என்று. ஹைதர் அலியின் படையெடுப்பில் கிராமங்கள் எரிந்து, ஜனங்கள் சென்னைக்குள் வந்து குவிந்திருந்தார்கள். ஹ்யூஸைப் போகாதீர்கள் என்று மெக்கார்ட்னி மன்றாடினார். ஹ்யூஸ் பம்பாய்க்குக் கிளம்பினார். அன்று இரவே புயல். அரிசி ஏற்றிக்கொண்டு சென்னைக் கடலில் நின்ற கப்பல்கள் பல உடைந்து மூழ்கின. ஹ்யூஸின் கப்பல்களும் அடிபட்டுத்தான் பம்பாய் சேர்ந்தன.

ஹ்யூஸ் நின்றிருந்தால் அரிசி தப்பியிருக்குமா? தப்பியிருக்காது, அவர் கப்பல்களும் சேர்ந்து போயிருக்கும். கிளம்பியது சரியான முடிவு. ஆனால் காற்று மாறுவதற்கு முன்பே, சலங்குகள் அலையைத் தாண்டக்கூடிய ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், எத்தனை மூட்டை கரையேற வேண்டும், அந்தக் கப்பல்களுக்கு யார் காவல் என்று கவர்னரும் அட்மிரலும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட எந்த ஏற்பாடும் இல்லை. நான்கு முறைகளில் எதை எடுத்துக்கொண்டாலும், இந்தக் கணக்கு யார் வேலை என்று முதலில் எழுதுங்கள் என்றேன். அந்தப் பஞ்சத்தில் வடசென்னையில் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். அங்கிருந்து வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள்.